வாடகை இல்லாத வீடு

கண்டி மாநகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறக்குறைய 26 கிலோமீற்றர் சென்றால் மாத்தளையை அடையலாம். 1880 ஆம் ஆண்டு அமைந்த புகையிரதப் பாதையும் இந்நகரிலேயே வந்து முடிகின்றது. மிளகும் கராம்பும் கொக்கோவும் செழித்து வளரும் பூமி இது. நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் வானளாவி நிற்கின்றது. மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் காட்சியைக் காணத் தோட்டப் புறங்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்வார்கள்.

அம்மக்களின் முன்னோர், மலைநாட்டின் வாயிலாகக் கண்டது இந்த மாத்தளையைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்ட வேலைக்கெனத் தமிழகத்திலிருந்து புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக இங்கு வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர் பலர். அந்த நடையை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட பாதயாத்திரை ஒன்று, ஆகஸ்ட் 12 ஆந் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. நடந்து வந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியும் வீடும் முக்கிய இடம் பெற்றிருந்தன.

இரு நூற்றாண்டு வாழ்ந்தவர்கள் இன்னமும் வீடு கேட்பானேன்? இதை அறிய வேண்டுமாயின், முதலில் நகரத்துக் குடியிருப்பைப் பார்த்துவிட்டுப் பின்னர் மலையேற வேண்டும்.

மாத்தளை நகரில் வாடகை வீடு தேடுவோர் படும் பாடு ஊரறிந்ததே. முற்பணம் கேட்பார்கள், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள், சுவரில் ஆணி அடிக்கலாகாது என்பார்கள். ஆயினும் அந்த வாடகைக் குடியிடம் ஒப்பந்தப் பத்திரம் ஒன்று உண்டு. மாதந்தோறும் பற்றுச்சீட்டு உண்டு. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்திற்கு உட்பட்ட வீடாயின், வீட்டுக்காரர் நீதிமன்றத்தை நாடாமல் அவரை வெளியேற்ற இயலாது.

இனி, உக்குவளை, எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கங்களில் மலைப்பாதையிலே ஏறுவோம். தேயிலையும் றப்பரும் படர்ந்த சரிவுகளின் நடுவே நீண்ட லயங்கள் தென்படும். சிறியதொரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, ஒரு மூலையில் அடுப்பு. அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் முடங்கிக் கிடப்பதும் உண்டு.

ஒரு லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம், "பாட்டி, இந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு?" என்று அறியாமையினால் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"வாடகையா? அதெல்லாம் இல்லீங்க தம்பி. வாடகை குடுத்தா, இது என் வூடுன்னு ஒரு வார்த்தை பேசலாமே!"

அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. லயத்துக்கு வாடகை இல்லை. ஆகவே அங்கு வாழ்பவர் வாடகைக் குடியும் அல்லர். காணி உறுதி இல்லை. ஆகவே சொந்தக்காரரும் அல்லர். உழைப்போடு ஒட்டிய இருப்பிடம் அது. வேலை நீங்கினால் வீடும் நீங்கும் என்பதே பழைய வழக்கு. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. அக்கம்பெனிகளும் அரசின் குத்தகைக்காரரே. ஆனால் அவர்கள் கையில் பத்திரம் இருக்கின்றது. லயத்துக் குடும்பத்தின் கையில் அது இல்லை.

பத்திரம் இல்லாதவருக்கு உரிமையே இல்லையா? இக்கேள்வி ஒருமுறை கடல் கடந்தும் சென்றதுண்டு. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, லயங்களில் வாழ்ந்தவர்களை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் மறுத்தனர். 1946 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். வெளியேற மறுத்தோர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1950 இல் அந்நீதிமன்றம், உரிமை உண்டென நம்பித் தன் இருப்பிடத்திலேயே தங்கியிருக்க விழைந்தவர் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கங்கொண்ட குற்றவாளி ஆகார் எனத் தீர்த்தது. அவர் தம் வீட்டில் இருந்தார், அவ்வளவே! அத்தீர்ப்பு அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்ததேயன்றி, வீட்டை அவருக்கு உரித்தாக்கவில்லை.

இது பழங்கதை எனத் தள்ளிவிடலாமா? பாதயாத்திரை மாத்தளையில் நிறைவுற்ற அதே 2023 ஆகஸ்ட் மாதத்தில், இதே மாவட்டத்துத் தோட்டமொன்றில், ஒரு குடும்பம் எழுப்பியிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்துத் தள்ளிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் மலையகத்தில் உருவாகியது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் அமைக்கும் பணி தொடங்கியது. மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. ஆயினும் தேவையின் அளவை நோக்க, இவை போதா. சுவரும் கூரையும் மட்டும் வீடாகா. காணி உறுதி கைக்கு வரும்போதே வீடு வீடாகும்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முதுமொழி. அந்தத் தனி வளைக்கு ஒரு விலாசமும் வேண்டும் என்பதை லயத்து மக்கள் நமக்கு உணர்த்துகின்றனர். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயம் வழியாகவே பல குடும்பங்களுக்குச் சென்று சேர்கின்றன. வாசலுக்கு இலக்கமும் இல்லை, வீதிக்குப் பெயரும் இல்லை.

விடைபெறும் வேளையில் பாட்டி வாசலில் நின்ற ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நான் வாக்கப்பட்டு வந்த வருசம் வச்சது தம்பி" என்றார். அவருக்கென்று இம்மண்ணில் உள்ள உறுதிப் பத்திரம் அதுவொன்றே. இன்னொரு பத்திரமும் அவர் பெயருக்கு வரும் நாள் விரைவில் வருவதாக!