மூடியைத் திறந்து பார்க்க ஐம்பது டாலர்

வீடு வாங்கப் போகிறவர் என்னவெல்லாம் பார்ப்பார்? கூரை ஒழுகுகிறதா, சுவரில் விரிசல் இருக்கிறதா, பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறதா... புல்தரைக்கு அடியில் புதைந்து கிடக்கும் செப்டிக் டேங்கைப் பார்ப்பாரா? பெரும்பாலும் மாட்டார். விற்கிறவரும் காட்ட மாட்டார். மேலே புல் பச்சைப்பசேல் என்று இருந்தால் இருவருக்குமே திருப்தி. (அந்தப் புல் மட்டும் ஏன் அவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே வெளிவந்திருக்கும்!)

அமெரிக்கா என்றால் எல்லா வீட்டுக்கும் பாதாளச் சாக்கடை இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அங்கே ஐந்தில் ஒரு வீட்டுக்கு செப்டிக் டேங்க்தான். அதிலும் ஏரிக்கரை வீடுகள் ஊரை விட்டுத் தள்ளி இருப்பவை, பலவற்றுக்கு வேறு வழியே கிடையாது.

செப்டிக் டேங்க் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தொட்டியும், அது நிறைந்தால் வரும் லாரியும். அங்கே தொட்டி செய்வது பாதி வேலைதான். கழிவு தொட்டிக்குள் போனதும் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியேறி, மண்ணுக்குள் பதித்த ஓட்டைக் குழாய்கள் வழியாக மெதுவாகக் கசியும். மீதி வேலை மண்ணுடையது. கிருமிகளை வடிகட்டும், பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சம்பளம் கேட்காத ஊழியன்!

ஆனால் அந்த ஊழியனுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மண் பல ஆண்டுகள் பாஸ்பரஸைப் பிடித்துப் பிடித்து ஒரு கட்டத்தில் நிறைந்துவிடுகிறது. தொட்டியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்யாவிட்டால் சேறு வழிந்து குழாய்களை அடைக்கிறது. ஏரியோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், வடிகட்டப் போதுமான காய்ந்த மண்ணும் இருக்காது. கோடையில் இரண்டு மாதம் வந்து தங்கக் கட்டிய சின்னக் குடில்கள் பல, பிறகு வருடம் முழுவதும் ஆள் வசிக்கும் பெரிய வீடுகளாகிவிட்டன. தொட்டி மட்டும் அதே பழைய தொட்டி.

பாஸ்பரஸுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண் மட்டுமே பெயராகக் கொண்ட ஓர் ஏரி இருக்கிறது. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு 1973-ல் அதன் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பாசி பிடித்துப் பச்சையானது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் ஒன்றே ஆயிரம் பக்க அறிக்கைக்குச் சமம்.

சரி, தொட்டி கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்? சிக்கல் இங்கேதான். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் போகிறது, நாற்றம் இல்லை, வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போன தொட்டியின் நஷ்டம் அவர் கணக்கில் ஏறவே ஏறாது, ஏரியின் கணக்கில்தான் ஏறும். பொருளாதாரப் பாடத்தில் எக்ஸ்டர்னாலிட்டி என்று படித்து, பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதி, மறந்துபோகிற விஷயம் இதுதான். ஆகவே தணிக்கை வேண்டும். வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. எப்போது, யார் காசில் என்பதில்தான் சண்டை.

மிச்சிகன் மாநிலத்தில் பாரி, ஈட்டன் என்று இரண்டு மாவட்டங்கள். இரண்டுக்கும் ஒரே சுகாதாரத் துறை. 2007-ல் அங்கே ஒரு விதி வந்தது: வீடு கைமாறும்போது கிணற்றையும் செப்டிக் டேங்கையும் சோதிக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. பணம் புரள்கிற நேரம், வாங்குகிறவரும் விழிப்பாக இருப்பார். நடைமுறையில் என்ன ஆயிற்று? வீட்டை விற்றால் போதும் என்று நிற்கிறவர் தலையில் புதுத் தொட்டிக்கான செலவு விழுந்தது. அது சாதாரணமாகவே பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். விற்பனை தாமதம், சொந்த நிலத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்ற கோபம்... 2018-ல் விதியை ரத்து செய்துவிட்டார்கள். விற்கிறவர், வாங்குகிறவர், தரகர், வங்கி என்று எல்லோரும் மேஜையில் இருந்தார்கள். தண்ணீருக்குத்தான் நாற்காலி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் அதே மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரோஸ் குழு 64 ஆறுகளைச் சோதித்து முடிவை வெளியிட்டிருந்தது. செப்டிக் டேங்குகள் அதிகமுள்ள பகுதிகளின் ஆறுகளில் மனிதக் குடலிலிருந்து வரும் பாக்டீரியாவும் அதிகம் என்பது அதன் முடிவு. மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல அடி. இருந்தும் விதி தப்பவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜ் வேறு வழியில் போனது. ஐம்பது கிலோமீட்டர் நீளம், மலைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி தண்ணீர். 1791-ல் சுற்றிப் பார்க்க வந்த தாமஸ் ஜெஃபர்சன், தான் கண்டதிலேயே அழகான நீர்நிலை இதுதான் என்று மகளுக்குக் கடிதம் எழுதினார். பலருக்கு அதுதான் குடிநீரும். அந்த ஏரியில் 2020 நவம்பரில் முதன்முறையாக நச்சுத்தன்மை கொண்டிருக்கக்கூடிய பாசிப் படலம் உறுதி செய்யப்பட்டது. செப்டிக் டேங்க்தான் குற்றவாளி என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. சாலையிலிருந்து வழியும் மழைநீர், வெப்பமாகும் தண்ணீர் என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஆனால் பட்டியலில் மனிதர்கள் கையில் நேராக இருக்கும் விஷயம் எது என்று பார்த்தால், தொட்டி முன்வரிசையில் வரும்.

ஏரியைக் கவனிக்கும் அரசு அமைப்பு 2023-ல் விதி கொண்டுவந்தது. கரையிலிருந்து 500 அடிக்குள் இருக்கும் செப்டிக் அமைப்புகளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். வீட்டை விற்றாலும் விற்காவிட்டாலும். கட்டணம் வருடத்துக்கு 50 டாலர்.

ஐந்து வருடத்துக்கு 250 டாலர். புதுத் தொட்டியின் விலையோடு வைத்துப் பாருங்கள். காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழகிய வித்தைதான். ஒரே நாளில் ஒருவர் தலையில் விழும் செலவை எல்லோருக்கும் எல்லா வருடத்துக்கும் பிரித்துப் போட்டால் அது தண்டனையாகத் தெரியாது, சந்தாவாகத் தெரியும். கூடவே, வீட்டை விற்காமலே நாற்பது வருடம் இருக்கிறவரும் தப்ப முடியாது. பாரி-ஈட்டன் விதியின் வலையில் விழாமல் போனவர் அவர்தான். பழைய தொட்டி இருப்பதும் பெரும்பாலும் அவரிடம்தான்!

ஆனால் சோதனையில் தேறாத தொட்டிக்கு ஐம்பது டாலர் காணாது. அதை மாற்றும் செலவு இங்கேயும் வீட்டுக்காரருடையதுதான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒருவருக்கு அந்தத் தொகை என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த விதியை எடைபோட வேண்டும். சந்தாவால் சுலபமானது மூடியைத் திறந்து பார்ப்பது மட்டும்தான்.

சோதிக்க வருகிறவர் செய்வதும் அவ்வளவுதான். மூடியைத் திறந்து பார்ப்பார். சேறு எத்தனை உயரம் என்று அளப்பார். தொட்டிச் சுவரில் கசிவு இருக்கிறதா, இரும்புத் தொட்டி என்றால் துரு தின்றிருக்கிறதா, குழாய் பதித்த இடத்தில் மண் சொதசொதவென்று இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். 2023-ல் தொடங்கிய முதல் சுற்று முடிய ஐந்து வருடம் ஆகும்.