அனாமரியாவின் வள்ளம்

'பைரேட்ஸ் ஒஃப் த கரீபியன்' முதல் படத்தில் (2003) ஜாக் ஸ்பாரோ மூன்று பெண்களிடம் அறை வாங்குவான், ஞாபகம் இருக்கிறதா? முதல் இரண்டும் டோர்டுகா துறைமுகத்தில் ஸ்கார்லெட், ஜிசெல் என்ற இருவரிடம். மூன்றாவது, அடுத்த நாள் கப்பலுக்கு ஆள் எடுக்கும் வரிசையில். பெரிய தொப்பியால் முகத்தை மறைத்து நிற்கும் அனாமரியா அறைகிறாள். நடித்தவர் ஸோயி சல்டானா. 'அவதார்' வருவதற்கு ஆறு வருடம் முந்தி.

அவளுக்குப் படத்தில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். துரத்தல் காட்சியில் சுக்கானைப் பிடிக்கிறாள், கடைசியில் பிளாக் பேர்லை ஜாக்கிடம் ஒப்படைக்கிறாள். 2006இல் வந்த இரண்டாம் படத்தில் ஆளையே காணோம். எங்கே போனாள் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்த இடைவெளிக்குள்தான் ரசிகர்கள் புகுந்தார்கள். செத்துவிட்டாள் என்பார்கள் சிலர், சொந்தக் கப்பல் வாங்கிக்கொண்டு போனாள் என்பார்கள் சிலர். ஆனால் கொலேஜில் என் சிநேகிதிகள் எல்லாரும் ஒரே கட்சி: ஜாக்கின் பழைய காதலி. காதலி இல்லாவிட்டால் ஏன் அறைவாள்?

இந்தப் படத்தை நூலகத்தில் எடுத்து வந்து அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்குக் கடற்கொள்ளையர் படம் என்றால் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்'தான் (1965, செல்வராகவன் எடுத்தது வேறு). லா ஷப்பல் தமிழ்க் கடையில் டிவிடி வாங்கி வைத்திருந்தார். பிரெஞ்சுப் படம் பாதிதான் விளங்கும், பாதிக்கு நான் மொழிபெயர்ப்பு. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அப்ப அவளின்ர வள்ளத்துக்கு அவன் என்ன குடுத்தவன்?"

திருப்பிப் போட்டுப் பாருங்கள். அனாமரியா அறைந்துவிட்டுச் சொல்வது தன் படகை ஜாக் திருடிவிட்டான் என்றுதான். கேளாமல் கடன் எடுத்தது, திருப்பித் தரத்தான் நினைத்தேன் என்று அவன் மழுப்புகிறான். பிறகு அதைவிட நல்ல கப்பல் ஒன்று தருவதாக வாக்குக் கொடுக்கிறான்: இன்டர்செப்டர். அது நடுக்கடலில் வெடித்துச் சிதறுகிறது. ஆக, படம் முடியும்போது கடன் அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். முதல் இரண்டு அறைக்கும் இது எனக்குத் தகுமா என்று யோசிக்கிற ஜாக், மூன்றாவதை மட்டும் தகும் என்று உடனே ஒப்புக்கொள்கிறான். மூன்று அறையையும் ஒரே கணக்கில் போட்டது நாங்கள்தான், படம் அல்ல.

படத்தின் தொடக்கத்தில் ஜாக் வந்திறங்கும்போது கரையோடு தாழ்ந்துபோகிற அந்தச் சின்னப் படகு அவளுடையது என்றே பல ரசிகர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். தியேட்டர் முழுக்கச் சிரிக்கிற காட்சி அது.

அம்மா மயிலிட்டி ஆள். 1990 ஆனியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அம்மப்பாவின் வள்ளம் கட்டின கயிறோடு கரையில் நின்றது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்தது 2017இல். அம்மப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. அம்மா அழுதுகொண்டு சொல்கிற கதை இல்லை இது. கணக்காகத்தான் சொல்வார். பிடித்த மீனைப் பங்கு பிரிக்கும்போது ஆட்களுக்கு ஒரு பங்கென்றால் வள்ளத்துக்கும் பங்கு உண்டு, அது வள்ளக்காரருக்குப் போகும். வள்ளம் இல்லையென்றால் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்கு ஏறவேண்டும். அம்மப்பா கடைசிவரை அப்படித்தான் ஏறினார்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த வரிசையை மறுபடி பாருங்கள். சொந்தப் படகு வைத்திருந்த பெண், அதைத் திருடியவனின் கப்பலிலேயே வேலைக்கு ஏற வந்து நிற்கிறாள். காதல் கதையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

காதல் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் எழுதட்டும், நானும் விரும்பி வாசிப்பேன். இடைவெளி இருந்தால் மனிதர்கள் நிரப்புவார்கள். உண்மையான கடற்கொள்ளைக்காரி ஆன் பொனிக்கு 1720இல் ஜமைக்காவில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். வயிற்றில் பிள்ளை என்று சொன்னதால் தள்ளிவைத்தார்கள். அதன் பிறகு அவள் என்ன ஆனாள் என்பதற்கு உறுதியான பதிவு இல்லை. அவளுக்கும் முந்நூறு வருடமாக ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் லா ஷப்பல் பக்கம் ஒரு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். 'பொன்னியின் செல்வன்' வந்த 2022இல் அங்கே பூங்குழலி சண்டை. ஐஸ்வர்யா லட்சுமி நடித்த அந்த ஓடக்காரிதான். அருண்மொழியையா, வந்தியத்தேவனையா, யாரை விரும்பினாள்? கல்கியின் நாவலில் அவள் சேந்தன் அமுதனைக் கைப்பிடித்து அரசியாகிறாள் என்றேன். ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. மணிரத்னத்தின் படத்தில் அந்த வழியே இல்லை. அங்கே முடிசூடுவது ரகுமான் நடித்த மதுராந்தகர்.

சண்டை ஓயாமல் இருக்க, பின்வாங்கில் இருந்த பதின்மூன்று வயதுக்காரி கேட்டாள்: "அக்கா, கோடிக்கரையில இருந்து எங்கட பக்கம் தனிய வள்ளம் வலிக்கிறதெண்டால் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

மேலே பாலத்தில் இரண்டாம் லைன் மெத்ரோ கடந்து போகும்வரை ஒருவரும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"எந்தக் காத்து? சோளகமோ வாடையோ?" என்றார் அம்மா. "அதை முதல்ல கேட்டுக்கொண்டு வா."