தேனுக்கு ஊர் உண்டா?

எங்கள் கண்ணமங்கலத்தில் பட்டைச் சோதிக்க ஒரு தீக்குச்சி போதும். ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையாக இருந்தால் உருகிக் கட்டியாகிவிடும்.

தேனுக்கு அப்படி ஒரு வீட்டுச் சோதனை கிடையாது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்க வேண்டும் என்பார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் இறங்கும்.

மேற்கே ஜவ்வாது மலையிலிருந்து தேன் கொண்டுவரும் அம்மாவிடம் எங்கள் தெருவில் "வெல்லப்பாகுதானே?" என்று கேட்டுப் பாதி விலைக்குப் பேரம் பேசினார்கள். அந்த அம்மா பதில் பேசாமல் பாட்டிலைக் கூடையில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர், "சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே, சொல்லுங்க" என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையில் கார்பன்-13 என்னும் கனமான கார்பன் சற்று அதிகம். தேனீ நாடும் பூக்களில் பெரும்பாலும் குறைவு. ஆகவே கரும்புப் பாகு கலந்தால் ஆய்வகத்தில் அகப்பட்டுவிடும். ஆனால் அரிசிப் பாகின் கார்பனும் பூவின் கார்பன் போலத்தான். அது இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. நிறுவனங்கள் மறுத்தன. பல தேன்கள் சிக்கியது ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர். சோதனையில். காந்தப்புலத்தில் வைத்துத் தேனின் கைரேகை போன்ற ஒரு வரைபடத்தை எடுத்து, ஊர் தெரிந்த ஆயிரக்கணக்கான தேன்களின் வரைபடங்களோடு ஒப்பிடுவார்கள். மண்ணிலிருந்து வந்த தாதுக்களும் மகரந்தமும்கூட ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

சூட்சுமம் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. கைரேகைப் பதிவேட்டில் இல்லாதவரைக் கைரேகையால் அடையாளம் காண முடியுமா? ஜவ்வாது மலையின் கொம்புத்தேன், பொந்துத்தேன் எல்லாவற்றையும் பருவத்துக்குப் பருவம் சேகரித்துப் பதிந்து வைத்தால்தான், "இது இந்த மலைத் தேன்" என்று எந்தக் கருவியும் சாட்சி சொல்லும். கருவி விலை உயர்ந்தது. பதிவேட்டுக்கு வேண்டியது பொறுமையும், மலை ஏறி இறங்கும் ஆட்களும்தான். நம் பல்கலைக்கழகங்கள் மனது வைத்தால் முடியாத வேலையல்ல.

பட்டுக்கு முத்திரை வந்த பிறகு நெசவாளி வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. மலைக்காரர்களுக்கும் அந்த மரியாதை வர வேண்டும்.