மேற்கோளின் கடன்

பூதப்பாண்டியில் பழையாற்றுப் படித்துறையில் மாலைவேளைகளில் கூடி இலக்கியம் பேசுவது எங்கள் வழக்கம். எங்களுள் மூத்தவர் இயற்பியல் பேராசிரியர், மென்படலங்களை ஆய்பவர். சென்ற மாதம் ஒருநாள் அவர் முகம் வாடியிருந்தது. ஈராண்டு உழைத்து அவர் எழுதிய கட்டுரையை இதுவரை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. பதவி உயர்வுப் படிவத்திலோ அந்த எண்ணிக்கையைக் கேட்டிருந்தார்கள். "சுழியத்தை என் கையாலேயே எழுதணும்" என்றார்.

அவரைத் தேற்றும்பொருட்டு நாங்கள் பஞ்சரத்தினத்தின் கதையை எடுத்தோம். பெங்களூரில் சி.வி. ராமனின் மாணவராயிருந்த அவர், 1956-இல், தமது 22-ஆம் வயதில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். ஒளியின் முனைவாக்க நிலை பல மாற்றங்களைக் கடந்து தொடங்கிய நிலைக்கே மீளும்போது, கடந்துவந்த பாதையின் வடிவத்துக்கேற்ப அலைக்கட்டத்தில் ஒரு மாற்றம் எஞ்சுகிறது என்பதே அது. இந்திய இதழொன்றில் வந்த அக்கட்டுரையை உலகம் ஏறக்குறைய முப்பதாண்டு கவனிக்கவில்லை. 1984-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயலில் இதையொத்ததைக் கண்டார். 1986-இல் ராமசேஷனும் நித்யானந்தாவும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பழைய கட்டுரையை நினைவூட்டினர். மறுஆண்டே பெர்ரி அதன் சிறப்பை விரித்தெழுதினார். இன்று தட்டை லென்சுகள் வடிவமைப்போர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர். பஞ்சரத்தினமோ 1969-லேயே, 35 வயதில், மறைந்துவிட்டார்.

அப்போது எங்களுள் இளையவர் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க அந்தக் கட்டுரையில நம்ம ஆளுகள எத்தன பேரச் சொல்லியிருக்கிய?"

பேராசிரியர் சற்றுநேரம் ஆற்றைப் பார்த்திருந்தார். "முப்பத்திரண்டுல ரெண்டு பேரு." நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பலவற்றைப் படித்துப் பயன்கொண்டவர்தாம். வெளிநாட்டு மதிப்பீட்டாளர் மதிக்கமாட்டாரென அஞ்சி அவற்றை விட்டுவிட்டாராம்.

நாங்களும் பேச்சற்றுப் போனோம். சுழியம் பெற்ற கட்டுரைகளெல்லாம் பஞ்சரத்தினத்தினுடையவை அல்ல என்பது தெரியும். 1964-இல் யூஜின் கார்ஃபீல்டு வெளிக்கொணர்ந்த மேற்கோள் சுட்டி ஆய்வுகளைத் தேடியடைய உதவும் கருவி. அதுவே பின்னர் மனிதரை நிறுக்கும் தராசாயிற்று என்பதும் தெரியும். ஆயினும், தராசை ஏசும் நாமே அதற்கேற்ப எழுதுகிறோமே! முத்தொள்ளாயிரம் முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்தாண்டதாலன்றோ நூற்றுக்குமேற்பட்ட பாடல்களேனும் பிழைத்தன? படித்ததைப் படித்தேன் என்று சொல்லுதல் ஒரு கடன். இலக்கியம் எழுதும் நாங்களும், எல்லாரும் சொல்லும் பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்லி அக்கடனைத் தட்டிக்கழித்தவர்களே.

படிவத்தில் சுழியத்தை எழுதியே கொடுத்தார் பேராசிரியர். அடுத்த கட்டுரைக்காக அந்தப் பழைய ஆய்வேடுகளை மீண்டும் எடுத்துவைத்திருக்கிறார்.