ஒட்டுக்கடையும் கைப்பேசியும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. அக்காலத்தில் விடியுமுன் பெரட்டுக்குக் கூடிய தொழிலாளர்கள், கிராணி பெயர் படிக்கும் வரையில் ஊர்ச்செய்தி பேசுவர். மாலையில் லயத்து வாசலில் எழுத்தறிந்த ஒருவர் தமிழ் நாளிதழை உரக்கப் படிப்பார். மற்றவர் கேட்டுக் கருத்துரைப்பர். அக்கருத்துகள் அந்த வாசலிலேயே பிறந்து, அந்த வாசலிலேயே மறைந்தன.

இன்று அந்த வாசலின் இடத்தை ஒட்டுக்கடை பெற்றுள்ளது. 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில், ஒரு ஞாயிறு மாலை. பேரனைத் தேடி வந்த மூதாட்டி, கைப்பேசியினின்று கண்ணெடுக்காத அவனைப் பார்த்து, "ஏன்யா, அந்தப் பொட்டி உனக்குச் சோறு போடுமா?" என்றார்.

"இரு பாட்டி, அஞ்சு பேரு சேர்ந்து ஆடறோம். நான் விட்டா எல்லாரும் தோத்துடுவாங்க."

மூதாட்டியின் அச்சம் பொய்யன்று. இவ்விளையாட்டால் உறக்கமும் படிப்பும் கெட்ட பிள்ளைகள் உண்டு. ஆயினும் 2019இல் பிலிப்பைன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டும் பதக்கத்திற்குரியதாயிற்று என்பதை மறத்தலாகாது. ஆடுவது குற்றமன்று, ஆட்டத்தின் விதிகளை எழுதியவர் யார் என்னும் வினா ஆடுபவன் மனத்தில் எழாமையே குறையாகும்.

அடுத்த மேசையில் அரசியல் நடந்தது. ஒருவர் தமக்கு வந்த செய்தியொன்றை, படித்து முடிக்குமுன்பே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டார். இதனை எளிதாகக் கருதிவிட இயலாது. 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல் நாட்டின் பார்வையை இவ்வட்டாரத்தின்பால் திருப்பியது. அவ்வாண்டு நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர்கள் திரண்ட பேரணிக்கான அழைப்பு, குறுஞ்செய்தி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் பரவிற்று. 2008 மார்ச் 8இல் சிலாங்கூரின் ஆட்சியே மாறியது. 2022 பொதுத்தேர்தலில் பதினெட்டு வயதினரும் வாக்களித்தனர். லயத்து வாசலில் மறைந்த கருத்து இன்று மறைவதில்லை. அது நிலைத்து நிற்கின்றது, ஆட்சியை அசைக்கின்றது, பொய்யாயின் சொன்னவரையே சுடுகின்றது. அவ்வாறாயின், ஆராய்ந்து சொல்லும் பொறுப்பும் பெருகியிருக்க வேண்டுமன்றோ?

"மென்பொருள் வேலையெல்லாம் பட்டணத்துப் பிள்ளைங்களுக்குத்தான்" என்றார் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர். 1990களின் இறுதியில் சிலாங்கூரின் தென்பகுதியில் தோட்ட நிலத்தின்மீதே சைபர்ஜெயா என்னும் தகவல் நகரம் எழுந்தது. தோட்டத்து மண் அந்நகருக்குள் சென்றது. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சென்றனர்? அவர் கூற்றிலுள்ள கசப்பு புரிந்துகொள்ளத்தக்கதே.

ஓரத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதுவரை வாய் திறக்கவில்லை. ஆட்டத்திற்கிடையே நண்பனுக்குத் தமிழில் ஒரு வரி தட்டிய அந்த இளைஞனிடம் அவர் மெல்லக் கேட்டார்: "தம்பி, அந்த எழுத்தைக் கைப்பேசிக்குள்ளே கொண்டுவந்தவங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியலயே சார். வெள்ளைக்காரனா இருக்கும்."

ஆசிரியர் சிரிக்கவில்லை. சிலாங்கூரின் கேரித் தீவுத் தோட்டத்தில் வேர்கொண்ட குடும்பத்தினர், தமிழாசிரியரும் கவிஞருமாகிய முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியதைச் சொன்னார். 2005 பொங்கலன்று வெளிவந்த செல்லினம், கைப்பேசியில் தமிழிலேயே செய்தி அனுப்ப வழிசெய்ததைச் சொன்னார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இலேயே இணையத்தில் தமிழை ஏற்றியதையும், அவரும் ஓர் ஆசிரியரே என்பதையும் சொன்னார்.

கருத்துரைத்தல் எளிது, கருத்துரைக்கும் கருவியைச் சமைத்தல் அரிது. அவ்வரிய பணி தமிழ் படித்த வீட்டிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் பிறந்தது என்பதைத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறியாதிருப்பின், அக்குறை அவர்களுடையது மட்டுமன்று.

"நம்ம ஆளா சார்?" என்றான் இளைஞன். ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஆயினும் அவன் கண்கள் திரையை விட்டு எழுந்திருந்தன.