கண்ணாடித் தொட்டியும் கிணற்றுத் தண்ணீரும்

அலங்கார மீன் வளர்ப்பு வசதி படைத்தோரின் வரவேற்பறை அழகுக்கானது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வரலாறும் அவ்வெண்ணத்துக்குச் சிறிது இடமளிக்கவே செய்கிறது. இங்கிலாந்தில் 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்ட பின்னரே நடுத்தர வகுப்பாரின் இல்லங்களைக் கண்ணாடித் தொட்டிகள் எட்டின. 1850இல் இலண்டன் இரசாயனவியலாளர் றொபேட் வாரிங்டன், இரு பொன்மீன்களையும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் ஒரே கலத்திலிட்டு, அவை ஒன்றையொன்று வாழவைப்பதை எடுத்துக்காட்டினார்.

ஆயினும், பணத்தால் முற்றாகக் கட்டுப்படுத்த முடியாத ஓர் இயல்பு இப்பொழுதுபோக்கில் உண்டு. நம் மாணவர் வளர்க்கும் கப்பி மீனையே எடுத்துக்கொள்வோம். தென்னமெரிக்காவின் வடகிழக்கிலிருந்து உலகெங்கும் பரவிய இம்மீன், ஏறத்தாழ மாதத்துக்கொருமுறை உயிருள்ள குஞ்சுகளை ஈனும். ஒரு சோடி வாங்கியவனின் தொட்டி சில மாதங்களில் நிரம்பிவிடும். நெரிசல் மிகுந்தால் மீன்கள் மடியும். ஆகவே, வளர்ப்பவன் கொடுத்தே தீரவேண்டும். ஜாம் போத்தல்களில் குஞ்சுகள் வீடு விட்டு வீடு செல்கின்றன. சீமெந்துத் தொட்டியில் வளர்ப்பவனும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவனும் ஒரே நோயைப் பற்றிக் கவலையுடன் உரையாடுகின்றனர்.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மறுவருடமே, கிணறுகளிலும் பெருகவல்ல புதிய நுளம்பினமொன்று மன்னாரில் காணப்பட்டமை அறிவிக்கப்பட்டது. நுளம்பின் குடம்பிகளை உண்ணும் கப்பி கிணற்றுக்கும் காவலானது. நம் மாணவரும் அயற் கிணறுகளுக்கு மீன் கொடுக்க முன்வந்தனர். உள்ளூர் மீன்களுக்கு இடர் நேருமாதலால் குளங்களில் விடுவதில்லை என்பதும் அவர்கள் வகுத்த விதி.

மிகுதியான மீன்களை வளர்த்தவன் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். ஒரு வீட்டார் அவன் கொணர்ந்த மீன்களை மகிழ்வுடன் ஏற்றுக் கிணற்றில் விட்டனர். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டபோதோ, படலையடியில் நிறுத்திப் புறம்பாக வைத்திருந்த குவளையில் கொடுத்தனர். அவன் கையிலிருந்த மீன் கிணற்றுக்குள் இறங்கலாம். அவன் கை அக்கிணற்றுக் கயிற்றைத் தொடலாகாது!

அத்தகைய வீடுகளுக்கு இனி மீன் கொடுப்பதில்லை என்று மாணவர் சினந்தெழுந்தனர். அவர்கள் சினம் நியாயமானதே என்று நாமும் கருதினோம். அவனோ இணங்கவில்லை.

“நுளம்பு ஆளைப் பாத்தே கடிக்குது, சேர்? மீனைக் குடுப்பம். ஆனா, வேணுமெண்டவை எங்கட வளவுக்கு வந்து வாங்கட்டும்.”

அதுவே விதியாயிற்று. சிலர் வந்தனர், அவன் தாய் கொடுத்த தேநீரையும் அருந்தினர். சிலர் இன்றும் வரவில்லை. அவர்களுடைய கிணறுகளில் மீனும் இல்லை.

ஒரு போத்தல் மீனால் சாதி ஒழிந்துவிடுமென்று நாம் மயங்கவில்லை. நிலமும் நீரும் தொழிலும் சமமாகப் பகிரப்படும்வரை அதன் வேர் அறாது. ஆனால், எவர் வாசலுக்கு எவர் செல்வது என்னும் நெடுங்கால ஒழுங்கை நம் மாணவன் ஒருவன் தலைகீழாக்கியிருக்கிறான். அவனுக்குத் துணை நிற்பது, பாடநூலுக்கு அப்பாலும் கற்பிக்க விழையும் ஆசிரியர் நம் எல்லோரினதும் கடமையன்றோ?