அம்மாவின் மூக்கு

வீட்டுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்ற யோசனை என் அக்காளுடையது. வானூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைச் சென்ற வருஷம் பழுது பார்த்தோம். ஓடு மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசல் திண்ணையை மேஸ்திரியின் கடப்பாறையிலிருந்து காப்பாற்றி, எல்லாம் முடிந்து மூச்சு விடும் சமயத்தில், "பெயர் இல்லாத வீடும் ஒரு வீடா?" என்று ஆரம்பித்தாள். பெயரையும் அவளே சொன்னாள்: 'அன்னை இல்லம்'.

"சிவாஜி கணேசன் வீட்டுக்கே அந்தப் பெயர்தான். 1963-ல் அந்தப் பெயரில் சினிமாவும் வந்தாயிற்று. வேறு பெயரா கிடைக்கவில்லை?" என்று நான் சிரித்தேன்.

"யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும். நம் அன்னை ஒருத்திதானே?" என்றாள். அதற்கு மேல் வாதாட இடம் இல்லை.

முன்பெல்லாம் பெயர்ப் பலகை வேண்டுமென்றால் ஆசாரியிடம் சொல்லுவோம். அவர் வருகிறேன் என்பார், வரமாட்டார், ஒரு நாள் வந்து முடித்தும் கொடுத்துவிடுவார். இப்போது திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கிறது. உள்ளே ஒரு பெரிய இரும்புக் கட்டில். அதன் மேல் பாலம் போல ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தில் தொங்கும் மோட்டாரின் நுனியில் பென்சில் கனத்தில் ஓர் உளி. இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக அது தானே நகரும். நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றும். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அது சொன்னபடி இது குடையும். இதற்கு சி.என்.சி. ரவுட்டர் என்று பெயர்.

இந்த வித்தை ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. ஹெலிகாப்டரின் இறக்கைக்கு அளவு பிசகாமல் வளைவு வெட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் ஜான் பார்ஸன்ஸ் என்பவர் தலையை உடைத்துக்கொண்டதில் தொடங்கியது. 1952-ல் எம்.ஐ.டி. கல்லூரியில் துளை போட்ட காகித நாடாவைப் படித்துக்கொண்டு ஒரு யந்திரம் தானே உலோகத்தைக் கடைந்து காட்டியது. அது எழுபது வருஷம் நடந்து வானூர் தாலுகாவுக்கு வந்து சேர்ந்து, இப்போது பூஜை அறைக் கதவுக்கு மயிலும் யானையும் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

கொட்டகையை நடத்துகிற பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். 'அன்னை இல்லம்' என்று கம்ப்யூட்டரில் தட்டினான். திரையில் ஐகாரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. புள்ளிகள் வேறு எங்கோ மிதந்தன.

"இதுக்குத் தமிழ் தெரியாது சார். எழுத்தா குடுத்தாப் புரியாது, படமா குடுத்தாப் புரியும்" என்று சொல்லி, எழுத்துக்களைக் கோடுகளாக மாற்றிக் கொடுத்தான்.

அந்தக் காலத்தில் ஓலை பொத்துப் போகும் என்று பயந்து ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள் என்பார்கள். யந்திரமும் ஏட்டுச் சுவடிக்காரர் கட்சிதான் போலும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் எழுத்து விழுந்த அழகை மறுக்க முடியாது. உளியின் முனை கூம்பாக இருப்பதால், ஆழமாக இறங்கினால் கோடு அகலுகிறது. மேலே எழும்பினால் மெலிகிறது. கை தேர்ந்தவர் தூரிகையால் எழுதினது போல முனைகள் கூர்மையாக முடிந்தன.

அத்துடன் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திருக்காது. கிளம்பும்போது அக்காள் சுவரைப் பார்த்தாள். யாரோ ஒரு பெரியவரின் முகத்தைத் தேக்கில் செதுக்கி மாட்டியிருந்தார்கள்.

"போட்டோ கொடுத்தால் இப்படிச் செய்து தருவாயா, தம்பி?"

"தாராளமா செய்யலாங்க அம்மா."

எங்களிடம் அம்மாவின் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1968-ல் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நெற்றியில் விபூதிக் கீற்று, அதற்குக் கீழே குங்குமம், மூக்கில் ஒற்றைக் கல் மூக்குத்தி. ஸ்டூடியோ வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத ஒரு முகம்.

முதலில் மலிவான எம்.டி.எஃப். பலகையில் மாதிரி செய்து பார்க்கலாம் என்றான் பையன். ஒரு வாரம் கழித்துப் போனோம். சென்னையிலிருந்து தம்பியும் வந்திருந்தான். பலகையைத் திருப்பிக் காட்டியதும் மூவரும் வாயடைத்துப் போனோம்.

நெற்றியில் விபூதி வரப்புக் கட்டினாற்போல உயர்ந்து நின்றது. குங்குமம் இருந்த இடத்தில் விரல் நுழையும் பள்ளம். கறுத்த கூந்தல் முழுவதும் குழிக்குள் போய்விட்டது. மூக்குத்தி மட்டும் சுவரில் அடித்த ஆணி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்காள் பலகையைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது என்ன அப்பா?" என்றேன்.

பையன் கூச்சப்படவில்லை. "மிஷினுக்கு முகம் தெரியாது சார். வெளுப்புன்னா மேடு, கறுப்புன்னா பள்ளம். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். உங்களுக்குக் காட்டணும்னுதான் அப்படியே ஓட்டினேன்" என்றான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை 256 படிகளாகப் பிரிக்கிறது. சுத்தக் கறுப்பு அடிப் படி. சுத்த வெள்ளை மேல் படி. உளி அந்தப் படிகளை அப்படியே மேடு பள்ளமாக்குகிறது. படத்தில் இருப்பதோ வெளிச்சம். வெளிச்சமும் உயரமும் ஒன்றல்ல என்று அதற்கு யார் சொல்வது?

நீராவி யந்திரத்தால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட் கடைசிக் காலத்தில் பர்மிங்காம் பக்கத்தில் தம் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சிலைகளைப் பிரதி எடுக்கும் யந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 1819-ல் அவர் இறந்தார். அந்த அறையை அப்படியே லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். அந்த யந்திரத்துக்கு ஒரு விரல் உண்டு. மூலச் சிலையை அந்த விரல் தடவித் தடவிப் போகும்; அதனோடு இணைந்த உளி பக்கத்தில் வேறொரு கட்டியைச் செதுக்கும். விரல் தொட்ட மேடுதான் இங்கே மேடு. எங்கள் கூட்டு ரோட்டு யந்திரத்துக்கு உளி இருக்கிறது, விரல் இல்லை. அது அம்மாவைத் தொட்டதே இல்லை.

"கம்ப்யூட்டர்ல மாவு பிசையற மாதிரி மேடு பள்ளத்தைத் திருத்திடலாம் சார். ஆனா அளவு நீங்கதான் சொல்லணும்" என்றான் பையன்.

கொட்டகையின் மூலையில் ஒரு பெரியவர் உப்புத்தாள் போட்டு ஒரு பிள்ளையாரை மழமழப்பாக்கிக்கொண்டிருந்தார். யந்திரம் விட்ட சொரசொரப்பைத் தீர்ப்பது அவர் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்பி. அந்த ஊர் மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பிறகும் வயிற்றுப் பாட்டுக்குக் கொட்டகை தேவைப்படுகிறது. அவர் எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தார்.

"சாமின்னா அளவு இருக்குதுங்க ஐயா. முகம் ஒரு பங்குன்னா உடம்பு ஒன்பது பங்கு; நவதாளம்னு சொல்லுவோம். மூக்கு, காது, கண்ணு எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. அம்மா முகத்துக்கு ஏது கணக்கு? கூட இருந்தவங்கதான் சொல்லணும். படத்துல நேரா பார்க்கறாங்க. பக்கவாட்டுல மூக்கு எப்படி இருக்கும்? நேர் மூக்கா, வளைஞ்சதா?"

"எடுப்பான நேர் மூக்கு" என்றேன் நான்.

"இல்லை அண்ணா, கொஞ்சம் சப்பை" என்றான் தம்பி.

"நான் மூத்தவன், எனக்குத் தெரியாதா?"

"நான் கடைக்குட்டி, அதிக நாள் மடியில் இருந்தவன்."

இப்படி இரண்டு கிழவர்கள், ஒருவருக்கு எழுபத்திரண்டு, மற்றவருக்கு அறுபத்தைந்து, தகரக் கொட்டகையில் நின்றுகொண்டு தாயாரின் மூக்கைப் பற்றிச் சண்டை போட்டோம். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கன்னத்து எலும்பு தூக்கலா, தாழ்வா?" என்றார். அதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

நாவல்களில் நான் எத்தனையோ முகங்களை வர்ணித்திருக்கிறேன். கதாநாயகிகளின் மூக்குக்கு எள்ளுப்பூவைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் பெற்றவளின் மூக்கு எப்படிப்பட்டது என்று கேட்டால் விழிக்கிறேன்.

அக்காள் இதுவரை பேசவில்லை. மாதிரிப் பலகையை மெள்ள வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கட்டை விரலால் நெற்றியிலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள்.

"மூக்குத் தண்டு நேர் இல்லை. பாதியில் ஒரு சின்ன மேடு இருக்கும். ஈரத் துணியால் துடைக்கும்போது விரல் அங்கே தடுக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கி நுனி அகலும். கன்னத்து எலும்பு இடது பக்கம் தூக்கல். வலது பக்கம் அவ்வளவு இல்லை. மோவாய் நடுவிலே ஒரு பள்ளம். அங்கேதான் கஞ்சி தங்கும்."

அம்மா கடைசி ஆறு வருஷம் படுக்கையில் இருந்தாள். நான் மாதா மாதம் பணம் அனுப்பினேன். தம்பி சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இருவரும் தவறாமல் வந்து அம்மாவின் காலைத் தொட்டு நமஸ்கரித்தோம். காலைத் தொட்டிருக்கிறோமே தவிர முகத்தைத் தொட்டதில்லை. முகம் கழுவிவிட்டதும், தலை வாரியதும், வாயைத் துடைத்ததும் அக்காள்.

"ஆனால் நான் சொல்லுவது கிழவி முகம் ஆயிற்றே? படத்தில் இருப்பது சின்ன வயசு" என்று அவள் திடீரென்று கண்ணைத் திறந்து கேட்டாள்.

"எலும்பு மாறாதுங்க அம்மா. மேலே இருக்கற சதைதான் மாறும். எலும்பு நீங்க சொல்லுங்க, சதையைப் படத்துலேருந்து எடுத்துக்கலாம்" என்றார் பெரியவர்.

அவள் சொல்லச் சொல்ல அவர் பலகையில் பென்சிலால் குறித்தார். பையன் அந்தக் குறிகளைப் பார்த்துத் திரையில் ஏற்றியும் இறக்கியும் சரி செய்தான். குங்குமப் பள்ளம் தூர்ந்தது. மூக்குத்தி அடங்கி அதன் இடத்தில் உட்கார்ந்தது. மறுநாள் தேக்குப் பலகையைக் கட்டிலில் இறுக்கினார்கள். முதலில் பெரிய உளி தேவையற்ற மரத்தைக் கழித்துத் தள்ளும். பிறகு நுண்ணிய முனை ஒன்று, கலப்பை உழுவது போலச் சால் சாலாக முகம் முழுவதும் ஓடும். "அஞ்சு மணி நேரம் ஆவும் சார், எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்றான் பையன். தேக்குத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வேறு வந்தது. அக்காள் நகர மறுத்துவிட்டாள். மருமகன் என்னை மோட்டார் சைக்கிளில் திருவக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனான்.

திருவக்கரை எங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்குப் பெருங்கூட்டம் வரும். கல் மரங்களைப் பார்க்க அவ்வளவு கூட்டம் கிடையாது. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் ஆற்று வெள்ளத்தில் அடித்து வந்து மணலில் புதைந்த மரங்கள் அவை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிகா, மரத்தின் அணு அணுவாக நுழைந்து, மெள்ள மெள்ளக் கல்லாக்கிவிட்டது. 1780-களிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். நான் ஒரு கட்டையின் அருகில் குனிந்து பார்த்தேன். வளையமும் ரேகையும் கணுவும் அப்படியே இருந்தன. கண்ணுக்கு மரம், கை வைத்தால் கல். கண்ணை நம்பியிருந்தால் விறகு என்று எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

திரும்பி வந்தபோது யந்திரம் நின்றிருந்தது. பெரியவர் சிற்றுளியால் கண்களை மட்டும் கடைசியாகத் திருத்திக்கொண்டிருந்தார். "சாமிக்கும் கண்ணு கடைசியிலதான்" என்றார். தூளை ஊதிவிட்டுப் பலகையை நிமிர்த்தினார்.

அம்மா இருந்தாள். அவ்வளவுதான் சொல்ல முடியும். தம்பி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தேக்குத் தூள் என்றான். நானும் அதையே சொன்னேன்.

பலகை இப்போது கூடத்தில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள், "யார் செய்தது?" என்று கேட்கிறார்கள். தம்பி யந்திரத்தின் பெருமையைச் சொல்லுவான். நான் கள்ளக்குறிச்சிப் பெரியவரைச் சொல்லுவேன். அக்காள் ஒன்றும் சொல்லமாட்டாள். தினம் காலையில் ஈரத் துணியால் அதைத் துடைக்கிறாள். தேக்கு ஈரத்தில் கெடும் என்று சொன்னால் கேட்பதில்லை.

ஒரு நாள் இரவு எல்லோரும் தூங்கின பிறகு நான் எழுந்து போய் அந்த மூக்கை விரலால் தடவிப் பார்த்தேன். பாதியில் விரல் தடுத்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எழுபத்திரண்டு வயது ஆயிற்று.

இதைப் படிக்கிறவர்களில் தாயார் இருக்கிற பாக்கியசாலிகள் அநேகர் இருப்பீர்கள். கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் மூக்கு நேரா, வளைவா என்று சொல்லிப் பாருங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போங்கள்.